கணிதமும் அறிவியலும் இணைந்த பட்டப்படிப்பு: பெயரைப் பார்ப்பதா, பாடத்தொடரைப் பார்ப்பதா?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வரும் நாட்களில், பொறியியல், மருத்துவம் ஆகிய இரண்டுக்கும் அப்பால் அறிவியலில் நாட்டமுள்ள மாணவர்களை ஒரு நீண்ட பெயர்ப்பட்டியல் திணறடிக்கிறது. பி.எஸ்ஸி., பி.எஸ்., பி.எஸ். (ஆய்வு), பி.எஸ்.–எம்.எஸ்., ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி., பி.எஸ்ஸி. (ஆனர்ஸ்) என்று பட்டங்கள் வரிசை கட்டி நிற்க, அவற்றுள் பல, கணிதத்தையும் அறிவியலையும் சேர்த்துப் படிக்கலாம் என்றே தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. சேர்த்துப் படிப்பது என்றால் என்ன, அந்தச் சேர்க்கை எவ்வளவு ஆழம் போகிறது, படித்து முடித்தவரை வேலை தருவோரும் மேற்படிப்பு நிறுவனங்களும் எந்தத் துறையினராகக் கணக்கில் கொள்வார்கள் என்பவை மூன்றும் தனித்தனிக் கேள்விகள். பெற்றோரும் மாணவரும் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் சேர்ந்த பிறகு ஏமாற்றம் நேர்கிறது. ஒரு படிப்பில் எத்தனை துறைகள் இடம்பெற்றிருக்கின்றன என்பதைவிட, ஒரு பருவத்தில் கற்ற கணிதம் அடுத்த பருவத்தின் அறிவியல் வகுப்பில் உண்மையாகவே கையாளப்படுகிறதா என்பதே அப்படிப்பின் தரத்தை முடிவுசெய்கிறது. இக்கட்டுரை அந்த அளவுகோலை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

## முதலில் சில சொற்கள்

1. முதன்மைப் பாடம், துணைப் பாடம். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் 'மேஜர்', 'அலைடு' என்று வழங்குபவை இவை. பி.எஸ்ஸி. கணிதம் படிப்பவர் இயற்பியலை அலைடு பாடமாக எடுப்பதும், இயற்பியல் படிப்பவர் கணிதத்தை அலைடு பாடமாக எடுப்பதும் நீண்டகால வழக்கம். இரு துறைகளும் மதிப்பெண் பட்டியலில் அடுத்தடுத்து இடம்பெறும். பல கல்லூரிகளில் ஒன்றின் வகுப்பு மற்றொன்றை எதிர்பார்த்து நடத்தப்படுவதில்லை.

2. பல்துறைப் படிப்பு. பல துறைகளின் அறிமுகப் பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது. அறிமுக அளவிலேயே நின்றுவிட்டால் இதன் பயன் பொது அறிவோடு முடிந்துவிடும்.

3. துறையிடைப் படிப்பு. ஒரு துறையின் கேள்விக்கு இன்னொரு துறையின் கருவியைக் கொண்டு விடை தேடுவது. மக்கள்தொகை மரபியலுக்கு நிகழ்தகவும், நரம்பணுவின் மின்துடிப்புக்கு வகைக்கெழுச் சமன்பாடும், மூலக்கூறின் நிறத்துக்குக் குவாண்டம் இயங்கியலும் தேவைப்படுவது இவ்வகை.

4. இரட்டை முதன்மை. இரண்டு துறைகளிலும் முதன்மைப் பாடத்துக்குரிய அளவில் படிப்பது. வேலைச்சுமை கூடும், இரண்டிலும் மேற்படிப்புக்கான கதவு திறந்திருக்கும்.

5. கிரெடிட். ஒரு பாடத்தின் எடையைச் சொல்லும் அலகு. வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு பருவம் முழுவதும் நடந்தால் ஒரு கிரெடிட். ஆய்வகப் பாடத்தில் வாரம் இரண்டு மணி நேரம் ஒரு கிரெடிட்.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டுப் பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று குறைந்தபட்ச அளவை வகுத்தது. அவற்றுள் முதன்மைப் பாடத்துக்கு முறையே 60, 80. துணைப் பாடத்துக்கு 24, 32. பிற துறை அறிமுகப் பாடங்களுக்கு வெறும் 9. இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். 'பல்துறைக் கல்வி' என்ற முழக்கத்தின் கீழ் வரும் பொதுவான பட்டம் ஒன்றில் மற்றத் துறைகளுக்கு ஒதுக்கப்படும் இடம் மூன்று சிறு பாடங்களே. இக்கட்டமைப்புக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்காததால், இங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகள் பெரும்பாலும் மூன்றாண்டு முறையிலேயே தொடர்கின்றன. எனவே கணிதத்தையும் அறிவியலையும் ஆழமாக இணைத்துப் படிக்க விரும்பும் தமிழ்நாட்டு மாணவர், பெரும்பாலும் அதற்கென்றே அமைந்த தனி நிறுவனங்களை நாட வேண்டியிருக்கிறது.

## ஒரே கணிதம், மூன்று வகுப்பறைகள்

இணைப்பு என்பது நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்பதே தெளிவு தரும். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் அணிகளைப் பற்றியது. அங்கே மாணவர் நேர்மாறு காண்கிறார், சமன்பாட்டுத் தொகுப்புகளைத் தீர்க்கிறார். அணி எதற்காக என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. கல்லூரியின் நேரியல் இயற்கணித வகுப்பில் அடுத்த படி வருகிறது. ஓர் அணி ஒரு திசையன்மீது செயல்படும்போது பொதுவாக அதன் திசை மாறும். சில சிறப்புத் திசையன்களுக்கு மட்டும் திசை மாறாமல் நீளம் மட்டும் பெருகும் அல்லது சுருங்கும். அந்தப் பெருக்கெண்ணே ஐகென் மதிப்பு. இனி இதே கருத்து மூன்று வகுப்பறைகளுக்குள் நுழைவதைக் காணலாம்.

இயற்பியல். இரண்டு சம நிறைகளை மூன்று சம சுருள்வில்களால் இரண்டு சுவர்களுக்கிடையே வரிசையாக இணைத்து அசைத்துவிட்டால், இயக்கம் கண்ணுக்குத் தாறுமாறாகத் தெரியும். அந்த அமைப்பின் சமன்பாட்டை எழுதினால், மூலைவிட்டத்தில் 2, 2 என்றும் மற்ற இடங்களில் −1, −1 என்றும் உள்ள ஓர் இரண்டுக்கு இரண்டு அணி கிடைக்கிறது. அதன் ஐகென் மதிப்புகள் 1, 3. பொருள் என்னவென்றால், எவ்வளவு சிக்கலாகத் தோன்றினாலும் அந்த இயக்கம் இரண்டே எளிய அசைவுகளின் கலவை: நிறைகள் இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்து ஆடுவது ஒன்று, எதிரெதிராக ஆடுவது மற்றொன்று. இரண்டாவதன் அதிர்வெண் முதலாவதைப்போல் மூன்றின் வர்க்கமூல மடங்கு.

வேதியியல். பென்சீன் வளையத்தில் ஆறு கார்பன்கள். அடுத்தடுத்த கார்பன்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0 என்று ஓர் ஆறுக்கு ஆறு அணியை எழுதுகிறோம். அதன் ஐகென் மதிப்புகள் 2, 1, 1, −1, −1, −2. இவை ஹக்கல் முறை என்ற எளிய தோராயக் கணக்கீட்டில் அந்த வளையத்தின் பை எலக்ட்ரான்களுக்கான ஆற்றல் மட்டங்களைத் தருகின்றன. ஆறு எலக்ட்ரான்களும் முதல் மூன்று மட்டங்களில் இரண்டிரண்டாக அமர, கூட்டுத்தொகை 8 அலகு. மூன்று தனித்தனி இரட்டைப் பிணைப்புகளாக இருந்திருந்தால் 6 அலகுதான் கிடைத்திருக்கும். பென்சீன் எதிர்பார்த்ததைவிட ஏன் நிலைப்புத்தன்மை மிக்கது என்று பிளஸ் ஒன்னில் மனப்பாடம் செய்த வாக்கியத்துக்கு, அந்த 2 அலகு வேறுபாடு காரணத்தைக் காட்டுகிறது.

உயிரியல். ஒரு பூச்சியினத்தில் இளம்பருவத்துப் பெண் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 1 பெண் குஞ்சும், முதிர்ந்த பெண் ஒவ்வொன்றும் 4 பெண் குஞ்சுகளும் ஈனுவதாகவும், இளம்பூச்சிகளில் பாதியே அடுத்த ஆண்டு முதிர்ச்சியடைவதாகவும், முதிர்ந்தவை அந்த ஆண்டோடு மடிவதாகவும் கொள்வோம். வயதுவாரியான இந்த எண்களை அணியாக எழுதும் முறையை பி. எச். லெஸ்லி 1945இல் வகுத்தார். இங்கே கிடைக்கும் அணியின் பெரிய ஐகென் மதிப்பு 2. ஆகவே தொடக்கத்தில் எத்தனை இளையவை, எத்தனை முதிர்ந்தவை இருந்தாலும், சில ஆண்டுகளில் அந்த இனம் ஆண்டுக்கு இருமடங்காகப் பெருகும் நிலைக்கு வந்துசேரும். அப்போது ஒரு முதிர்ந்த பூச்சிக்கு நான்கு இளம்பூச்சிகள் என்ற விகிதமும் நிலைபெறும்.

மூன்று ஆசிரியர்களும் ஒருவருக்கொருவர் பேசி, ஒரே ஆண்டுக்குள் இந்த மூன்றையும் நடத்தும் இடத்தில் மாணவருக்குக் கிடைப்பது ஒருவகைக் கல்வி. கணித ஆசிரியர் சூத்திரத்தோடும், வேதியியல் ஆசிரியர் 'இதற்குக் கணிதம் உண்டு, நமக்குத் தேவையில்லை' என்ற சொல்லோடும் நிறுத்திக்கொள்ளும் இடத்தில் கிடைப்பது வேறொன்று. இரண்டு இடங்களிலும் பாடப்பட்டியல் ஒரேமாதிரி இருக்கலாம் என்பதுதான் சிக்கலே.

## சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சான்று

துறைகளை இணைத்துப் பெரிய கண்டுபிடிப்புகளைச் செய்தவர்களின் வரலாறு, இப்படிப்புகளைப் பற்றி ஒரு முக்கியமான எச்சரிக்கையையும் தருகிறது. சி. வி. ராமனிடம் இயற்பியல் பயின்ற ஜி. என். ராமச்சந்திரன், 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் கொண்டது என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் எக்ஸ் கதிர்ப் படங்களைக்கொண்டு முன்வைத்தனர். அணுக்கள் அவ்வளவு நெருக்கமாக இருக்க முடியுமா என்ற எதிர்ப்பு அப்போது எழுந்தது.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதன் தொடர்ச்சியாக, 1963இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு வந்தது. புரதச் சங்கிலியின் ஒவ்வோர் இணைப்பிலும் சங்கிலி திரும்பக்கூடிய கோணங்கள் முதன்மையாக இரண்டு. இரண்டு கோணங்களையும் வரைபடத்தின் இரண்டு அச்சுகளில் வைத்து, எந்தெந்தக் கோண இணைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று கணக்கிட்டால், பெரும்பகுதி தடைப்பட்டுப்போக, சில தீவுகள் மட்டும் எஞ்சுகின்றன. ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் இது, இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவம் நம்பத்தக்கதா என்று சோதிக்கப் பயன்படுகிறது. கேள்வி உயிரியலுடையது, அணுக்களின் அளவு வேதியியலுடையது, தீர்த்துவைத்தது வடிவியல்.

அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உட்புறத்தின் உருவத்தை மீட்டெடுக்கும் கணக்கீட்டு முறையைச் சுருக்கியது. நிழல்களிலிருந்து உருவத்தை மீட்க முடியும் என்ற கணிதத் தேற்றத்தை யோஹான் ராடான் 1917இலேயே நிறுவிவிட்டார். அதை விரைவாகக் கணக்கிடும் வழிகள் வந்தபோதுதான் சி.டி. ஸ்கேன் மருத்துவமனைக்குரிய கருவியாயிற்று.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனின் பாதையும் இத்தகையதே. இயற்பியலில் இளநிலைப் பட்டம், 1976இல் இயற்பியலிலேயே முனைவர் பட்டம். அதன்பின் உயிரியல் மாணவராக மீண்டும் வகுப்பறையில் அமர்ந்து, உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்தமைக்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவர்கள் யாரும் துறையிடைப் பட்டம் என்ற ஒன்றைப் படிக்கவில்லை. ஒரு துறையில் முழு ஆழத்துக்குச் சென்ற பிறகு அடுத்ததற்குள் இறங்கினார்கள். அதற்காக இன்றைய படிப்புகள் தேவையற்றவை ஆகிவிடுவதில்லை; முனைவர் பட்டத்துக்குப் பிறகு மீண்டும் முதலிலிருந்து உயிரியல் படிக்கும் துணிவும் வாய்ப்பும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை, அந்தத் தாமதத்தைக் குறைப்பதே இப்படிப்புகளின் நியாயம். ஆனால் ஏதேனும் ஒரு துறையில் ஆழம் இல்லாமல் இணைப்பு நிகழாது என்பதை இந்த வரலாறு சந்தேகமின்றிச் சொல்கிறது.

## இந்தியாவில் இன்று காணப்படும் மூன்று வடிவங்கள்

முதல் வடிவம்: அகலத்தில் தொடங்கி ஆழத்துக்குச் செல்வது. இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனங்கள், சுருக்கமாக ஐசர், இவ்வகையில் முதன்மையானவை. 2006இல் புனே, கொல்கத்தாவில் தொடங்கி, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர் என்று இன்று ஏழு இருக்கின்றன. ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பின் தொடக்கக் காலத்தில் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் எல்லோரும் படிக்க வேண்டும். பிறகு விருப்பத் துறை. ஐந்தாம் ஆண்டு ஆய்வேடு. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனம் 2011இல் தொடங்கிய நான்காண்டுப் படிப்பும் இதே போக்கினது: முதல் மூன்று பருவங்கள் பொதுவானவை, அவற்றில் பொறியியலும் மானுடப் பண்பியல் (ஹியூமானிட்டீஸ்) பாடங்களும் உண்டு, பின்னர் ஒரு முதன்மைத் துறை, விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் படித்து முதுநிலைப் பட்டம். நான்காண்டுப் பட்டம் விதிகளுக்குப் பொருந்துமா என்ற சர்ச்சை 2014இல் எழுந்து தீர்ந்த பிறகு, அப்பட்டம் பி.எஸ். (ஆய்வு) என்ற பெயரில் வழங்கிவருகிறது.

இரண்டாம் வடிவம்: இரண்டு துறைகளை முதல் நாளிலிருந்தே பிணைப்பது. சென்னையை அடுத்த சிறுசேரியில் இயங்கும் சென்னை கணிதவியல் நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணிதவியலாளர் சி. எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய இந்நிறுவனம், 1998இல் இளநிலைப் படிப்புகளை ஆரம்பித்தது. கணிதமும் கணினி அறிவியலும், கணிதமும் இயற்பியலும் என்ற இரண்டு மூன்றாண்டு ஆனர்ஸ் படிப்புகள் இங்கே உண்டு; சேர்க்கை அதன் சொந்த நுழைவுத் தேர்வின் வழியாக. இங்கே வேதியியலும் உயிரியலும் கட்டாயமில்லை. அகலம் குறைவு, அதற்கு ஈடாக, பகுப்பாய்வும் இயற்கணிதமும் முதலாண்டிலேயே நிறுவல்களோடு தொடங்கிவிடுகின்றன. கணிதத்தில் தெளிவான ஈடுபாடுள்ள மாணவருக்கு இந்த வடிவமே பொருத்தம் என்பது என் கருத்து. நான்கு துறைகளையும் சுற்றிவரும் காலம் அவருக்குச் சுமையாகவே தோன்றக்கூடும்.

மூன்றாம் வடிவம்: ஒரு பயன்பாட்டை நடுவில் வைத்துத் துறைகளைக் கோப்பது. சென்னை ஐஐடி 2023இல் தொடங்கிய மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் பி.எஸ். படிப்பும், அதே நிறுவனம் இணையவழியில் நடத்தும் தரவு அறிவியல் பி.எஸ். படிப்பும் இவ்வகையின. பின்னதற்கு ஜேஇஇ போன்ற நுழைவுத் தேர்வு தேவையில்லை. சில வாரங்கள் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம், இடையில் டிப்ளமோ அளவிலோ பி.எஸ்ஸி. அளவிலோ வெளியேறவும் வழியுண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் ஐந்தாண்டு எம்.எஸ்ஸி. கோட்பாட்டுக் கணினி அறிவியல் போன்ற படிப்புகளையும் இவ்வரிசையில் வைக்கலாம்.

## பிளஸ் டூ குரூப் ஏற்படுத்தும் இடைவெளி

ஐசர் நிறுவனங்களில் சேர ஐஏடி என்ற நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மூன்று மணி நேரத்தில் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும், மொத்தம் 240. முன்பு ஜேஇஇ அட்வான்ஸ்டு வழியாகவும் இடம் கிடைத்துவந்தது. 2024 முதல் ஐஏடி ஒன்றே வழி. பெங்களூரு நிறுவனமும் சென்னை ஐஐடியின் மருத்துவ அறிவியல் படிப்பும்கூட இம்மதிப்பெண்ணைப் பயன்படுத்துகின்றன.

நான்கில் மூன்று பாடங்களைப் பிளஸ் டூவில் படித்திருந்தாலே ஐசருக்கு விண்ணப்பிக்கலாம் என்பதால், தமிழ்நாட்டு மாணவர்களிடம் இரண்டு வகையான இடைவெளிகள் ஏற்படுகின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர் உயிரியலைப் பத்தாம் வகுப்போடு விட்டவர். தேர்வில் கால்பங்கு கேள்விகள் அவருக்கு அந்நியம். பியூர் சயின்ஸ் குரூப் எடுத்தவர் கணிதத்தை அதே இடத்தில் விட்டவர். இருவரில் இரண்டாமவரின் நிலையே கடினமானது. விடுபட்ட உயிரியலை ஆர்வமுள்ள மாணவர் ஓரளவு தாமாகவே வாசித்து நிரப்பிக்கொள்ளலாம். வகையிடலும் தொகையிடலும் அப்படி வருவதில்லை, கணக்குப் போட்டுப் போட்டே கைக்கு வர வேண்டியவை. அவர் உயிரியலைத்தான் முதன்மைப் பாடமாக எடுக்கப்போகிறார் என்றாலும், முதல் பருவத்தின் நுண்கணித வகுப்பையும், அதையே அடிப்படையாகக் கொண்ட இயற்பியல் வகுப்பையும் தாண்டாமல் அங்கே சென்றுசேர முடியாது. நுழைவுத் தேர்வுக்கும் வகுப்புத் தொடக்கத்துக்கும் இடைப்பட்ட மாதங்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களின் நுண்கணித அத்தியாயங்களை முடித்துவிட்டுச் செல்வது, எந்த விடுமுறைப் பயிற்சி வகுப்பையும்விட அவருக்கு உதவும்.

மத்திய நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கு, தமிழ்நாட்டின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்திலான ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். கடைசி நாளில் இதற்காக இ-சேவை மையத்துக்கு ஓடுவோர் பலர் என்பதால் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

## அகலத்துக்குக் கொடுக்கும் விலை

மூன்றாண்டு பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் மாணவர், மொழிப் பாடங்களும் அலைடு பாடங்களும் போக, ஆறு பருவங்களிலும் கணிதம் படிக்கிறார். பொதுப் பாடங்களோடு தொடங்கும் படிப்பில் சேர்ந்த மாணவரோ, மூன்று நான்கு பருவங்கள் கழிந்த பிறகே கணிதத்தை முதன்மையாக எடுக்கிறார். மூன்றாம் ஆண்டு முடிவில் இருவரையும் ஒரே கணிதத் தேர்வுக்கு உட்கார வைத்தால், முதலாமவர் அதிகத் தலைப்புகளைப் பார்த்தவராக இருப்பார். இணைப் படிப்பின் பலன் நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில்தான் வெளிப்படத் தொடங்குகிறது. எனவே இப்படிப்புகளை இடையில் விட்டு வெளியேறுபவருக்கு இழப்பு அதிகம். மூன்றாண்டில் வேலைக்குச் செல்ல வேண்டிய குடும்பச் சூழலில் உள்ள மாணவர், சேரும் முன்பே இதை நிதானமாக எண்ணிப்பார்க்க வேண்டும்.

மற்றொரு விலை மனம் சார்ந்தது. பள்ளியில் உயிரியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் முதல் பருவத்திலேயே கணிதத்தில் தடுமாறுவதும், ஒலிம்பியாட் கணிதத்தில் தேர்ந்தவர் வேதியியல் ஆய்வகத்தில் திணறுவதும் இங்கே இயல்பு. நான்கு துறைகளிலும் ஒருசேர முதலிடம் பெறுவது மிக அரிது. முதலாண்டு மதிப்பெண்ணைப் பார்த்துப் பிள்ளை சோம்பேறியாகிவிட்டது என்று பெற்றோர் முடிவு கட்டுவது பெரும் அநீதி.

## பட்டத்துக்குப் பிறகு: துறைப் பெயர் கேட்கும் வாசல்கள்

படிப்பு துறைகளைக் கலந்தாலும், தேர்வுகள் துறைவாரியாகவே நடக்கின்றன.

1. ஆய்வு உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்குமான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கு வேதியியல், புவி அறிவியல், உயிர் அறிவியல், கணித அறிவியல், இயற்பியல் என்று ஐந்து தாள்கள். எழுதுபவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

2. ஐஐடிகளின் எம்.எஸ்ஸி. சேர்க்கைக்கான ஜாம் தேர்விலும் இயற்பியல், வேதியியல், கணிதம், கணிதப் புள்ளியியல், உயிரித் தொழில்நுட்பம், நிலவியல், பொருளியல் என்று தனித்தனித் தாள்களே.

3. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் முனைவர் படிப்புக்கு நான்காண்டு இளநிலைப் பட்டத்தை எதிர்பார்ப்பதால், நான்காண்டு, ஐந்தாண்டுப் படிப்புகள் அங்கே நேரடியாகப் பொருந்துகின்றன. மூன்றாண்டுப் பட்டதாரி பெரும்பாலும் இங்கே முதுநிலை முடித்த பிறகே விண்ணப்பிக்கிறார்.

4. தமிழ்நாட்டு அரசுப் பணியில், குறிப்பாக ஆசிரியர் பணியில், மிகுந்த கவனம் தேவை. முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர் பதவிக்கு இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடத்தில், அல்லது அதற்கு இணை என்று அரசு ஏற்ற பாடத்தில் இருக்க வேண்டும். எந்தப் பட்டம் எதற்கு இணை என்பதை உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு ஆராய்ந்து, அரசாணை வெளியிடப்படும். 'கணிதமும் இயற்பியலும்' என்றோ, துறைப் பெயரே இல்லாமல் வெறும் 'பி.எஸ்.' என்றோ பட்டச் சான்றிதழில் இருந்தால், அரசாணையில் அப்பெயர் இருக்கிறதா என்று தேடிப்பார்க்க வேண்டியது விண்ணப்பதாரரின் பொறுப்பாகிவிடுகிறது. அரசுப் பள்ளி ஆசிரியராவதே குறிக்கோள் என்றால், ஒரே பாடத்தில் பி.எஸ்ஸி., பி.எட்., எம்.எஸ்ஸி. என்ற பழைய பாதைதான் இன்றும் பாதுகாப்பானது.

தனியார் துறையில் நிலைமை வேறு. தரவுப் பகுப்பாய்வு, நிதிக் கணக்கீடு, மருந்து ஆய்வு நிறுவனங்கள் துறைப் பெயரைவிட, விண்ணப்பிப்பவர் நிரல் எழுதுவாரா, புள்ளியியல் மாதிரியைப் புரிந்து கையாளுவாரா என்பதைத்தான் நேர்காணலில் சோதிக்கின்றன. ஆகவே எந்த அறிவியல் துறையை முதன்மையாக எடுத்தாலும், நிகழ்தகவு, புள்ளியியல், நிரலாக்கம் மூன்றிலும் குறைந்தது ஒவ்வொரு முழுப் பாடமாவது படித்து முடிப்பது மாணவருக்கு நன்மை தரும்.

## பாடத்திட்டத்தைப் படிக்கும் முறை

ஒவ்வொரு நிறுவனமும் பாடத்திட்டத்தைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. கல்லூரியின் தரவரிசையைத் தேடும் நேரத்தில் பாதியையாவது அதற்குச் செலவிட வேண்டும். பார்க்க வேண்டியவை:

1. முன்தேவைகள். நான்காம் பருவத்துக்குப் பிந்தைய ஏதேனும் ஓர் அறிவியல் பாடத்தை எடுத்து, அதைப் படிக்க முன்னர் எந்தப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும் என்று பாருங்கள். குவாண்டம் இயங்கியலுக்கு நேரியல் இயற்கணிதமும், புள்ளியியல் இயங்கியலுக்கு நிகழ்தகவும், மின்காந்தவியலுக்குப் பல மாறி நுண்கணிதமும் முன்தேவையாக எழுதப்பட்டிருந்தால், அங்கே பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. எந்தப் பாடத்துக்கும் முன்தேவையே இல்லையென்றால், அது பெரும்பாலும் அறிமுகங்களின் தொகுப்பு.

2. கணிதம் நிற்கும் இடம். கணிதப் பாடங்கள் எந்தப் பருவத்தோடு முடிகின்றன என்று எண்ணுங்கள். முதலாண்டோடு கணிதம் முடிந்துவிடும் ஒரு படிப்பைக் கணிதமும் அறிவியலும் இணைந்தது என்று அழைக்க முடியாது.

3. சான்றிதழில் அச்சாகும் பெயர். முதன்மைத் துறை பட்டச் சான்றிதழில் குறிப்பிடப்படுமா, மதிப்பெண் பட்டியலில் மட்டுமா என்பதைச் சேர்க்கை அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள்.

4. துறை மாற்றமும் இடங்களும். பொதுப் பாடங்கள் முடிந்ததும் விரும்பிய துறை எல்லோருக்கும் கிடைக்குமா, மதிப்பெண் அடிப்படையில் இடங்கள் வரையறுக்கப்படுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். இதைப் பெரும்பாலோர் சேர்ந்து இரண்டாண்டு கழிந்த பின்னரே அறிந்துகொள்கிறார்கள்.

5. இறுதியாண்டு ஆய்வேடுகள். முன்பு படித்து முடித்தவர்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பல நிறுவனங்கள் நூலக இணையதளத்தில் வைத்திருக்கின்றன. அவற்றுள் இருபதை வாசித்தால் போதும். இயற்பியல் மாணவர் உயிரணுச் சவ்வைப் பற்றியும், கணித மாணவர் நோய்ப்பரவலைப் பற்றியும் எழுதியிருக்கிறார்களா, வழிகாட்டிகளாக இரண்டு துறைகளின் பேராசிரியர்கள் சேர்ந்து கையெழுத்திட்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும். விளம்பரக் கையேட்டில் எத்தனை முறை 'பல்துறை' என்ற சொல் அச்சிடப்பட்டிருந்தாலும், ஆசிரியர்கள் உண்மையில் இணைந்து வேலை செய்யும் இடம் எது என்பதற்கு அந்தத் தலைப்புப் பக்கங்களே சான்று.